ஜெர்மனிக்குப் போனால்தான் கார் எஞ்சினியரா?

மாட்ரிக் என்னும் பள்ளி இறுதித் தேர்வு நெருங்க நெருங்க எனக்கு வரும் கடிதங்களில் கார் வாசனை கூடிவிடும். நான் டர்பன் தெற்கில் கார் உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் வேலையில் இருப்பவள் என்று ஆசிரியர் ஒருமுறை இந்தக் கேள்வி-பதில் பக்கத்தில் அச்சிட்டுவிட்டார். அதற்குப் பிறகு மாமியார் சந்தேகங்களை யாரும் என்னிடம் கேட்பதில்லை. சரி, இந்த இதழ் முழுக்கக் காருக்கே.

*

அக்கா, என் மகள் கிரேடு 11 படிக்கிறாள். சின்ன வயதிலிருந்தே கார்ப் பைத்தியம். ஜெர்மனியில் ஆட்டோமோட்டிவ் எஞ்சினியரிங் இலவசமாகப் படிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டின் மேல் கடன் வாங்கி அனுப்பிவிடலாமா? அவள் அப்பா வேண்டாம் என்கிறார்.
— ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

அம்மா, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் மகளிடம் ஒன்று கேளுங்கள். காரை வடிவமைக்க ஆசையா, காரை உருவாக்கி வெளியே அனுப்ப ஆசையா? வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேலை மாதிரி இருக்கும். இல்லை.

நம் தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 6 லட்சம் வண்டிகள் உருவாகின்றன. புரொஸ்பெக்டனில் ஹைலக்ஸ் பக்கி (பிக்-அப் வண்டி), காரீகாவில் போலோ, ஈஸ்ட் லண்டனில் சி-கிளாஸ், ரோஸ்லினில் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்3, சில்வர்டனில் ஃபோர்டு ரேஞ்சர். ஆனால் கதவுத் தகடு எவ்வளவு தடிமன், மோதினால் எந்த இடம் முதலில் மடங்க வேண்டும் என்ற முடிவுகள் பெரும்பாலும் இங்கே எடுக்கப்படுவதில்லை. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் எடுத்து அனுப்புகிறார்கள். நம் தெருவில் எல்லோரும் உள்ளூர் வண்டி என்று நினைக்கும் ரேஞ்சரே ஆஸ்திரேலியாவில் உருவான வடிவமைப்புதான். இங்கே நடப்பது உற்பத்தி. வெல்டிங், பெயின்ட், அசெம்பிளி, தரம், சரக்கு நேரத்துக்கு வந்து சேர்வது. என்னைக் கேட்டால் இதுதான் கஷ்டமான பாதி. வரைபடத்தில் ஒரு கதவு அழகாக மூடும். அதையே ஒரு ஷிஃப்ட் முழுக்க, ஒவ்வொரு வண்டியிலும் அதே சத்தத்தோடு மூட வைத்துப் பார்த்தால் தெரியும்.

மகளுக்கு இந்தப் பாதி பிடித்திருந்தால் விமான டிக்கெட்டே தேவையில்லை. வடிவமைப்புதான் வேண்டும் என்றால் ஒருநாள் வெளியே போகத்தான் வேண்டும். ஆனால் மாட்ரிக் முடித்த கையோடு அல்ல.

அந்த 'இலவசம்' பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டருக்குச் சில நூறு யூரோ மட்டும் கட்டினால் போதும் என்பது உண்மை. ஆனால் மெர்சிடிஸ், போர்ஷே, பாஷ் எல்லாம் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற ஐரோப்பியரல்லாத மாணவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பியரல்லாத மாணவர்களுக்குக் கட்டணம் வைத்துவிட்டது. எங்கே படித்தாலும் விசாவுக்கு முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். யூரோ 20 ரான்ட் என்று வைத்தாலே 2 லட்சத்து 38 ஆயிரம் ரான்ட் ஆகிறது. மாதம் 992 யூரோ வீதம் அதை எடுத்துச் செலவழிக்கலாம். வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதற்குள்தான். அது முதல் வருடத்துக்கு மட்டும்.

அப்புறம் மொழி. இளநிலைப் படிப்பு அங்கே பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். சி1 என்ற உயர்நிலை அளவுக்குத் தேற வேண்டும். டெர்மோடைனமிக்ஸ் தமிழில் சொன்னாலே தலை சுற்றும், பதினெட்டு வயதில் ஜெர்மனில் அதை எழுதுவதை யோசித்துப் பாருங்கள். நம் மாட்ரிக்கை நேரடியாக ஏற்பார்களா, 'ஸ்டூடியன்கொலெக்' என்ற ஆயத்தப் படிப்பு ஒரு வருடம் வேண்டுமா என்பதும் பாடங்களையும் மதிப்பெண்களையும் பொறுத்தது.

நான் சொல்லும் வழி இது. மெக்கானிக்கல், மெக்கட்ரானிக்ஸ் (எந்திரமும் மின்னணுவும் சேர்ந்தது), எலக்ட்ரிக்கல் மூன்றில் ஒன்றை இங்கேயே படிக்கட்டும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் இருக்கிறது, டி.யு.டி. என்ற டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கெபெர்ஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்) நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகம் இருக்கிறது, அதைச் சுற்றியே ஃபோல்க்ஸ்வாகன், இசுசு, ஃபோர்டு என்ஜின் ஆலை எல்லாம் இருக்கின்றன. இளநிலையில் 'ஆட்டோமோட்டிவ்' என்ற பெயருக்காக அலைய வேண்டாம். வேலைக்கு எடுப்பவர்கள் அந்தப் பெயரைத் தேடுவதில்லை, அடிப்படை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரான்டுக்குள் இருந்தால் என்.எஸ்.ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவி உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்க வாய்ப்பு உண்டு, வெளிநாட்டுக்குக் கிடையாது. வீட்டைத் தொடாமல் முதல் பட்டத்தை முடித்துவிடலாம். வடிவமைப்பு ஆசை அப்போதும் இருந்தால் முதுநிலைக்குப் போகட்டும். முதுநிலை ஜெர்மனியிலேயே ஆங்கிலத்தில் நிறைய உண்டு.

இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அவள் எடுத்திருப்பது மேத்தமேட்டிக்ஸா, அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா? லிட்டரசி என்றால் எஞ்சினியரிங் பட்டத்துக்கு வழியே இல்லை. ஃபிசிக்கல் சயின்ஸும் கட்டாயம். ஜெர்மனி அளவுக்குப் போகும் முன்பே பல பிள்ளைகளின் கனவு கிரேடு 10 பாடத் தேர்வில் முடிந்துபோகிறது. அதை யாரும் அவர்களிடம் சொல்வதுமில்லை.

அவள் அப்பா ஏன் வேண்டாம் என்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பணம் என்றால் அவர் சொல்வது சரி. பெண் பிள்ளைக்கு எதற்குக் கார் என்றால், இதைப் படித்துக் காட்டுங்கள். 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிப் போனவர் பெர்த்தா பென்ஸ். உலகத்தில் காரில் போன முதல் நெடும்பயணம் அது. அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் சுத்தம் செய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்கு வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். என் தொழிலில் இதற்குக் களச் சோதனை என்று பெயர். இன்றும் அதற்குத் தனிச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்கிறார்கள்.

*

அக்கா, ஹோவர்ட் காலேஜில் மெக்கானிக்கல் கடைசி வருடம். மாஸ்டர்ஸுக்கு ஜெர்மனியின் ஆஹெனா, ஸ்வீடனா, இங்கிலாந்தா என்று குழப்பம். ஜெர்மன் கார் கம்பெனிகளே ஆட்குறைப்பு செய்கிறார்களாமே, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா?
— மாணவன், டொங்காட்

தம்பி, செய்தி உண்மைதான். 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைப்பது என்று ஃபோல்க்ஸ்வாகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டது. கியர்பாக்ஸ் செய்யும் இசட்.எஃப். 2028-க்குள் அங்கே 14,000 வரை குறைப்போம் என்று அறிவித்தது. வேலை உறுதி என்று சொல்லும் ஏஜென்ட் யாராவது இருந்தால் அவர் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.

ஆனால் எந்த வேலை குறைகிறது என்று பாருங்கள். பெட்ரோல் என்ஜின், கியர்பாக்ஸ், அதைச் சார்ந்த நிர்வாகம். பேட்டரி, பவர் எலக்ட்ரானிக்ஸ், வண்டிக்குள் ஓடும் மென்பொருள், அந்த மென்பொருள் ஆளைக் கொல்லாமல் பார்த்துக்கொள்ளும் ஐ.எஸ்.ஓ. 26262 பாதுகாப்பு வேலை, இவற்றுக்கு ஆள் வேண்டியிருக்கிறது. நீங்கள் மெக்கானிக்கல் என்றாலும் மாஸ்டர்ஸில் பாதியாவது மின்சாரப் பக்கம் சாய்ந்திருக்கட்டும். அது எந்த நாடு என்பதைவிட முக்கியம்.

ஊரைத் தேர்ந்தெடுக்க நான் தரவரிசைப் பட்டியலைப் பார்க்க மாட்டேன். கேம்பஸிலிருந்து பஸ் ஏறினால் எந்தக் கம்பெனி வாசலில் இறங்கலாம் என்று பார்ப்பேன். பிரவுன்ஷ்வைக் என்றால் பக்கத்தில் ஃபோல்க்ஸ்வாகனின் வோல்ஃப்ஸ்பர்க். கோத்தன்பர்க்கில் சால்மர்ஸ் என்றால் வோல்வோ. டொரினோ பாலிடெக்னிக் என்றால் ஃபியட் பிறந்த ஊர். ஆஹெனில் பல்கலைக்கழகத்தைச் சுற்றியே எஃப்.இ.வி. போன்ற ஆராய்ச்சிக் கம்பெனிகள் முளைத்திருக்கின்றன. ஜெர்மன் தபால்துறை ஓட்டிய ஸ்ட்ரீட்ஸ்கூட்டர் மின்சார வேன் அந்தப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதுதான். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அங்கே வேலைக்குப் போகும் வழி பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு திறப்பதில்லை. படிக்கும்போதே 'வெர்க்ஸ்டூடன்ட்' என்று பகுதி நேரமாகச் சேர்ந்து, அதே கம்பெனியில் ஆய்வறிக்கையும் செய்தவர்களைத்தான் முதலில் எடுக்கிறார்கள். நமக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்.

இங்கிலாந்தில் மாஸ்டர்ஸ் ஒரே வருடம். கிரான்ஃபீல்ட், லஃப்பரோ, கொவென்ட்ரி எல்லாம் கார்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர்கள். மொழிப் பிரச்சினை இல்லை. ஆனால் கட்டணம் கனக்கும். படிப்புக்குப் பின் தங்கும் கிராஜுவேட் விசாவும் இரண்டு வருடத்திலிருந்து, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை கிடைத்தால் தாராளமாகப் போங்கள். அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், முடித்தபின் இரண்டு வருடம் நாட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆக அது இந்த வருடக் கதை இல்லை.

நம்மவர்கள் யோசிக்காத ஒன்று நாட்காட்டி. உங்கள் படிப்பு டிசம்பரில் முடியும். ஐரோப்பாவில் வகுப்பு செப்டம்பரிலோ அக்டோபரிலோதான் தொடங்கும். நடுவே கிட்டத்தட்ட ஒன்பது, பத்து மாதம். கவலைப்படாதீர்கள், இதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல காலம். பைன்டவுனிலோ ஹாமர்ஸ்டேலிலோ ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கிராஜுவேட் டிரெய்னியாகச் சேருங்கள். பெரிய பெயர் வேண்டாம். சீட் தைப்பவர்கள், வயரிங் ஹார்னெஸ் கட்டுபவர்கள், ரேடியேட்டர் செய்பவர்கள் போதும். ஒரு புது உதிரிபாகத்துக்கு ஒப்புதல் வாங்கும் பி.பி.ஏ.பி. கோப்பு எப்படி இருக்கும், வாடிக்கையாளர் புகார் வந்தால் '8டி' அறிக்கை எப்படி எழுதுவது, எது எப்படிப் பழுதாகலாம் என்று முன்கூட்டியே அலசும் எஃப்.எம்.இ.ஏ. கூட்டத்தில் யார் யாரோடு சண்டை போடுவார்கள் என்பதை நேரில் பாருங்கள். உலகம் முழுக்கக் கார் தொழில் பேசுவது இந்த மொழிதான். நேர்முகத்தில் "8டி எழுதியிருக்கிறேன்" என்று ஒரு புதுப் பட்டதாரி சொன்னால் எதிரே இருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நானே அப்படிப் பார்த்திருக்கிறேன்.

மாலையில் ஜெர்மன் படியுங்கள். வகுப்பறையில் ஆங்கிலம் போதும். கேன்டீனில் போதாது, வேலை விஷயமெல்லாம் பேசப்படுவது கேன்டீனில்.

நீங்கள் அனுப்பிய பயோடேட்டாவில் சோலார் கார் குழு 'உறுப்பினர்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சசோல் சோலார் சேலஞ்ச் பந்தயத்தில் ஓடிய குழு உங்கள் கல்லூரிக் குழு, அதை இப்படியா எழுதுவது? எந்தப் பாகம் உங்கள் கையில் இருந்தது, எதனால் உடைந்தது, எப்படி மாற்றினீர்கள், எப்படிச் சோதித்தீர்கள் என்று எழுதுங்கள். வெளிநாட்டில் சேர்ந்ததும் முதல் மாதமே, மாணவர்களே ரேஸ் கார் கட்டும் ஃபார்முலா ஸ்டூடன்ட் குழுவின் பட்டறைக் கதவைத் தட்டுங்கள். ஜெர்மனியில் ஹாக்கன்ஹைமில் நடக்கும் அந்தப் போட்டிக்குக் கம்பெனிக்காரர்கள் வருவதே வேலைக்கு ஆள் எடுக்கத்தான்.

விண்ணப்பம் போடும்போது பி.எம்.டபிள்யூ., போர்ஷே என்று மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஆமோவியோ (கான்டினென்டலிலிருந்து 2025-இல் பிரிந்தது), ஷேஃப்லர், மாலே, எடாக், பெர்ட்ராண்ட், பெர்லினில் ஐ.ஏ.வி., ஆஸ்திரியாவின் கிராட்ஸில் ஏ.வி.எல். என்று உதிரிபாக, பொறியியல் சேவைக் கம்பெனிகளுக்கும் போடுங்கள். பெரிய கம்பெனிகளின் வடிவமைப்பு வேலையில் நல்ல பங்கு இவர்களிடம்தான் நடக்கிறது.

திரும்பி வருவதைப் பற்றியும் ஒரு வரி. உங்கள் இளநிலைப் பட்டத்துக்கு எக்ஸா (தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றம்) அங்கீகாரம் இருப்பதால் நாளை 'புரொஃபெஷனல் எஞ்சினியர்' பதிவுக்குத் தடை இல்லை. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் ஜெர்மனி இல்லை. அங்கேயே இளநிலை படித்து வருபவர்களைத்தான் எக்ஸா தனியாக மதிப்பிடும்.

*

மேடம், நாங்கள் வேலூரிலிருந்து வந்து மிட்ரேண்டில் இருக்கிறோம். மகனை ஆட்டோமொபைல் படிக்கச் சென்னைக்கு அனுப்பலாமா? எல்லோரும் ஐரோப்பா என்கிறார்கள்.
— ஒரு தந்தை, மிட்ரேண்ட்

தாராளமாக அனுப்புங்கள் சார். கார் தொழிலைப் பொறுத்தவரை சென்னை சின்ன ஊர் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய், எண்ணூரில் அசோக் லேலண்ட், ஒரகடத்தில் ரெனால்ட்டும் டைம்லர் லாரியும். அதைவிட முக்கியம், செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையமும் ரெனால்ட்-நிசானின் தொழில்நுட்ப மையமும் இருக்கின்றன. நம் நாட்டில் அதிகம் இல்லாத அந்த வடிவமைப்பு வேலை அங்கே பெரிய அளவில் நடக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் எஞ்சினியரிங் 1949-இல் கல்லூரி தொடங்கியபோதே இருந்த துறை. சாப்பாட்டுக்கும் மொழிக்கும் கஷ்டமில்லை, பாட்டி வீடு ரயில் தூரம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தியா 2014 முதல் வாஷிங்டன் உடன்படிக்கையில் இருந்தாலும் எல்லாக் கல்லூரியும் அதில் அடங்காது. இந்திய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.வின் முதல் அடுக்கு அங்கீகாரம் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி வாசலில் இருக்கும் பேனரை நம்பாதீர்கள்.

*

ஆன்ட்டி, நான் கிரேடு 10. ஃபார்முலா 1 கார் டிசைனர் ஆகணும். நம்ம ஊர்லேர்ந்து யாராவது ஆயிருக்காங்களா?
— பீனிக்ஸ்

ஆகியிருக்கிறார், அதுவும் டர்பனிலேயே. 1946-இல் இங்கே பிறந்த கார்டன் மர்ரி, நேட்டால் டெக்னிக்கல் காலேஜில் மெக்கானிக்கல் படித்து, தானே ஒரு ரேஸ் கார் கட்டி ஓட்டினார். 1969-இல் இங்கிலாந்து போய் பிராபம் ரேஸ் அணியில் சேர்ந்தார். மெக்லாரன் எஃப்1 என்ற சாலைக் காரும் அவர் வடிவமைத்ததே. அந்தக் காலத்தில் அந்தக் காலேஜ் வெள்ளையர்களுக்கு, நம் தாத்தாக்களுக்கு எம்.எல். சுல்தான் காலேஜ். 2002-இல் இரண்டும் சேர்ந்துதான் இன்றைய டி.யு.டி. ஆனது. அவர் படித்த காலேஜின் வாரிசில் இப்போது நீ விண்ணப்பம் போடலாம்.

இன்னொருவர் பிரிட்டோரியாவில் பிறந்த ரோரி பைர்ன். ஷூமாக்கர் ஃபெராரியில் பட்டங்கள் வென்ற கார்களை வடிவமைத்தவர். ஜோஹனஸ்பர்க்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு முதலில் பார்த்தது கெமிஸ்ட் (வேதியியலாளர்) வேலை!

இருவருக்கும் பொதுவானது, முதலில் தாங்களே எதையாவது செய்து ஓட விட்டார்கள். நீயும் பொம்மை விமானமோ கோ-கார்ட்டோ ஒன்று கட்டு. கணக்கை மட்டும் விடாதே.

*

எல்லாம் மின்சாரக் கார் ஆகிவிட்டால் நம் ஊர் ஆலைகள் மூடிவிடுமா? பேரன் இதில் சேர நினைக்கிறான்.
— ஒரு தாத்தா, மெரிபேங்க்

ஐயா, நம் வண்டிகளில் பாதிக்கு மேல் ஏற்றுமதி, அதிலும் ஐரோப்பாதான் பெரிய வாடிக்கையாளர். அதனால் கவலை நியாயமானதுதான். கெபெர்ஹாவில் நம் பிளாட்டினத்தை வைத்துச் செய்யும், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு மின்சாரக் காரில் இடமே இல்லை. அந்தப் பக்கம் பேரன் போக வேண்டாம். ஆனால் ஆலை மூடும் என்று நான் நினைக்கவில்லை. 2026 மார்ச் முதல் மின்சார, ஹைட்ரஜன் வண்டி உற்பத்தியில் போடும் முதலீட்டுக்கு 150 சதவீத வரிக் கழிவு உண்டு. கொரொல்லா கிராஸ் ஹைபிரிட் ஏற்கெனவே புரொஸ்பெக்டனில்தான் உருவாகிறது. எலக்ட்ரிக்கல் படிக்கச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிழைத்துக்கொள்வான்.

*

அக்கா, எனக்கு 27 வயது. ஆட்டோ எலக்ட்ரீஷியனாகப் பல வருடம் வேலை, ஆனால் ட்ரேட் டெஸ்ட் (தொழில் தகுதித் தேர்வு) எழுதவில்லை. ஜெர்மனியில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் 60,000 ரான்ட் கேட்கிறார். கொடுக்கலாமா?
— இசிபிங்கோ

கொடுக்காதீர்கள். ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கு நீங்கள் யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை, பயிற்சிக் காலத்தில் அவர்கள்தான் உங்களுக்குச் சம்பளம் தருவார்கள். கார் மெக்கட்ரானிக்ஸ் பயிற்சி மூன்றரை வருடம், ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர அளவு வேண்டும்.

ஆனால் கைத்தொழில் தெரிந்த நீங்கள் ஏன் முதலிலிருந்து தொடங்க வேண்டும்? அனுபவத்தை வைத்து ட்ரேட் டெஸ்டுக்குப் போகும் ஏ.ஆர்.பி.எல். வழி நம் நாட்டில் இருக்கிறது. தொழிற்பயிற்சி அமைப்பான மெர்செட்டாவின் அலுவலகத்தில் கேளுங்கள். வேலை செய்த ஒவ்வொரு கராஜிலிருந்தும் கடிதம் வாங்கி வையுங்கள், எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்னென்ன வேலை என்று தெளிவாக. பழைய முதலாளி கராஜை மூடிவிட்டாரென்றால் அவர் வீட்டுக்கே போய் வாங்குங்கள். சான்றிதழ் கையில் வந்ததும், 2024 ஜூனில் ஜெர்மனி தொடங்கிய வேலை தேடும் 'சான்சென்கார்ட்டே' அனுமதிக்கு விண்ணப்பிக்க வழி திறக்கும். அதற்கு உள்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட, குறைந்தது இரண்டு வருடத் தொழிற்கல்வி வேண்டும். உங்கள் சான்றிதழ் அந்தக் கணக்கில் சேருமா என்று 'மேக் இட் இன் ஜெர்மனி' என்ற அரசுத் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அந்த 60,000-இல் கொஞ்சத்தை எடுத்து உயர் மின்னழுத்தப் பயிற்சி ஒன்றில் சேருங்கள். ஹைபிரிட் வண்டியைத் தொடத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் இசிபிங்கோவிலும் குறைவு, ஸ்டுட்கார்ட்டிலும் குறைவு. அந்த ஏஜென்ட் மறுபடி வந்தால் அவர் பதிவு எண்ணைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.